முழங்கால் உயரம்

கறுப்புக் கோட்டுக்குள் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி வெண்டல் ஷ்ராக் கார் ஷெட்டுக்குள் போய், மேசைமேல் இருந்த மூன்று பேட்டரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். இரண்டு கெட்டியாக இருந்தன. மூன்றாவது கொஞ்சம் உப்பியிருக்கிறதா, தன் விரலுக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றும் சில்லென்று இருந்தன.

"அப்பா, நேரமாச்சு. சர்ச்சுல எல்லாரும் காத்துட்டிருப்பாங்க." மகள் கோரின் கார் சாவியோடு வாசலில் நின்றாள். அம்மாவின் சாவுக்காக விச்சிட்டாவிலிருந்து வந்தவள், வந்ததிலிருந்து அப்பாவைத் தேடிப் பிடிப்பதே வேலையாக இருந்தாள். "இங்க என்ன பண்றீங்க?"

"உங்கம்மா புதன்கிழம காலைல சார்ஜ் போட்டது. முழுசா ஏத்திட்டு இப்படியே விட்டு வைக்கக் கூடாது. ஊதிப் போயிடும், வீணாயிடும்."

"அத வடிக்கறதுக்கு அந்த சார்ஜர்லயே ஒரு பட்டன் இருக்காமே. உங்க கிளப் கோல்பி சொன்னார்."

"இருக்கு."

"அப்ப அமுக்கிட்டு வாங்க."

வெண்டல் அமுக்கவில்லை. பேட்டரிகளை மனைவி லவோனின் சிவப்புப் பெட்டியில் வைத்து மூடி, இன்னொரு கையையும் கோட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

புதன்கிழமை காலை அவர் இதே ஷெட்டில் தன் ரிமோட் விமானத்தின் இறக்கை ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். லவோன் பேட்டரிகளைச் சார்ஜரில் மாட்டிவிட்டு, அவை ஏறி முடியும் நேரத்தில் காபி ஊற்றிக்கொள்ள உள்ளே போனாள். ஏறி முடிந்ததும் சார்ஜர் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பசைக் கையோடு அதைத் தொட முடியாது. "லவோன், உன் சாமான் அழுவுது! வந்து எடு!" என்று குரல் கொடுத்தார். இன்னொரு தடவையும் கொடுத்தார். அதற்கடுத்த தடவை எரிச்சலோடு கொடுத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனபோது அவள் சமையலறை மேசையில் கையை மடித்துக் கன்னத்தை அதன்மேல் வைத்துக் கிடந்தாள். பக்கத்தில் காபியில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. இதயம் நின்றிருக்கிறது, அவளுக்கே தெரிந்திருக்காது என்றார் டாக்டர்.

இந்த வீட்டில் அவள் கடைசியாகச் செய்த வேலை அந்த மூன்று பேட்டரிகளையும் நிரப்பியதுதான். அதை ஒரு பட்டனை அமுக்கி, மேசைமேலேயே கிடத்தி, ஒன்றுக்கும் ஆகாமல் வடித்து விடுவதற்கு அவருக்கு மனசு வரவில்லை.

சர்ச்சில் பாதிரியார் லவோனின் பொறுமையைப் பற்றியும் அவள் செய்யும் ஆப்பிள் ஜாமைப் பற்றியும் பேசினார். கால்நடை மருத்துவமனையில் ஆயுசில் பாதியை முன்மேசையில் உட்கார்ந்து கழித்தவள், பயந்துபோன எத்தனை நாய்களையும் பூனைகளையும் மடியில் வைத்து ஆறுதல் சொல்லியிருக்கிறாள் என்றார். எல்லாம் சரிதான். கடைசியில், "ஓய்வு பெற்ற பிறகு சின்னதாக ஒரு பொழுதுபோக்கும் வைத்திருந்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முதல் வரிசையில் இருந்த வெண்டலுக்குச் சுருக்கென்றது.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித் தொடையும், சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கும், பச்சை ஜெல்லியும் வரிசையாக இருந்தன. விமானக் கிளப்பின் செயலாளர் டுவேன் போல்மன் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரையும் கிண்டல் பண்ணாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இன்றைக்கு வாயைத் திறக்காமல் உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டிருந்தார்.

"பொழுதுபோக்காம்," என்றார் வெண்டல்.

"நானும் கேட்டேன். அந்தாள ஒரு நாள் மைதானத்துக்குக் கூட்டிட்டு வந்து அவளோட ரிமோட்ட அவர் கைல குடுக்கணும். பொழுது எப்படிப் போகுதுன்னு பாத்துடலாம்."

லவோன் வேலையை விட்ட அன்று இரவு உணவின்போது, "ஹெலிகாப்டர் ஓட்டப் போறேன்" என்று அறிவித்தாள். ரிமோட்டில் ஓடும் சின்ன ஹெலிகாப்டரைச் சொன்னாள். வெண்டல் முப்பது வருஷமாக ரிமோட் விமானம் ஓட்டுகிறவர். கிளப்புக்குத் தலைவரும் அவர்தான். கணவன் என்ற முறையிலும் தலைவர் என்ற முறையிலும் அவருக்கு இது பிடிக்கவில்லை.

"பிளேன்ல ஆரம்பி. நான் சொல்லித் தரேன். கைய எடுத்துட்டாக்கூட அது பாட்டுக்குத் தானா பறக்கும்."

"தானா பறக்கறத நான் எதுக்கு ஓட்டணும்?" என்றாள் லவோன்.

ஹெலிகாப்டர் தானாகப் பறக்காது. ஒரு நொடி விட்டால் விழுவதற்கு வழி தேடும். இடது கட்டைவிரல் அதைத் தூக்கவும் வாலைத் திருப்பவும் வேண்டும். வலது கட்டைவிரல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில், ஓயாமல், துளித்துளியாக. ஒன்றைச் சரிசெய்தால் மற்ற மூன்றும் கெட்டுப்போகும். குளிர்காலம் முழுக்க லவோன் கம்ப்யூட்டரில் பயிற்சி விளையாட்டை வைத்துக்கொண்டு பொய் ஹெலிகாப்டரை உடைத்தாள். அவர் பக்கத்து அறையில் டிவி பார்த்தபடி, ஒவ்வொரு 'டமால்' சத்தத்துக்கும் சுவரைப் பார்த்துச் சிரிப்பார். அவளும் அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பாள்.

பனி உருகியதும் நிஜமானதை வாங்கினாள். முழங்கை நீளத்துக்கு மஞ்சளாக ஒன்று. ஆரம்பிக்கிறவர்கள் செய்கிறபடி, அது கவிழாமலிருக்க அதன் காலடியில் இரண்டு நீளக் குச்சிகளைக் குறுக்காக வைத்து, நான்கு நுனியிலும் துளை போட்ட பிளாஸ்டிக் பந்துகளைச் செருகினாள். தானே பிளாஸ்டிக் கட்டுகளால் இறுக்கிக் கட்டினாள். மைதானத்தில் டுவேன் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது என்ன, துணி காயப்போடறதா?"

"உன் பனியனக் குடு, போட்டுக் காட்டறேன்," என்றாள்.

முதல் மாதம் அது தரையை விட்டு எழவே இல்லை. பந்துகள் புல்லில் அங்குமிங்கும் வழுக்கியதோடு சரி. பிறகு ஒரு விரற்கடை எழுந்தது. பிறகு ஒரு சாண். இரண்டு கோடைக்காலம் போய், இந்த ஆகஸ்டில்தான், வாலை அவள் பக்கமாக வைத்து முழங்கால் உயரத்தில் அதை நிறுத்தி வைக்கக் கற்றிருந்தாள். பாக்கிப் பேர் மேகத்தைத் தொடும் விமானங்களை ஓட்டுகிற மைதானத்தில், கடைசி ஓரத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு மஞ்சள் பூச்சி ரீங்கரித்துக்கொண்டு நிற்கும். அதன் பின்னால் தொப்பி போட்ட ஒரு கிழவி, மருத்துவமனையில் ஊசிக்கு நடுங்கும் நாயிடம் பேசிய அதே குரலில் அதனிடம் பேசிக்கொண்டு நிற்பாள். "மெதுவா, தங்கம், மெதுவா. மூக்கைப் பாரு. மூக்கைப் பாரு." ஆரம்பக்காரர்களின் கண், கிட்டே இருக்கிற வாலுக்குத்தான் போகும். வாலைப் பார்த்தால் கை தப்புப் பண்ணும். அதனால் அவள் தனக்கே சொல்லிக்கொள்வது அது.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. எது உடைந்தாலும், உடைந்த துண்டை மைதானத்துக் கொட்டகையின் உள்சுவரில் உடைத்தவர் பெயருக்குக் கீழே ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். தலைவரோ புதியவரோ, விலக்கில்லை. லவோனின் வரிசை இரண்டே வருஷத்தில் சுவர் முடிந்து கதவுச் சட்டத்துக்கு வந்துவிட்டது. வெண்டலின் பெயருக்குக் கீழே முப்பது வருஷத்துக்கும் சேர்த்து இரண்டே துண்டுகள். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

"உன் வரிசை காத்து வாங்குது, வெண்டல்," என்பாள் அவள். "இந்த வயசுல எல்லார் எதிர்லயும் ஒண்ணு தெரியாம நிக்கிறதுல என்ன சுகம் இருக்கு, உனக்கு எங்க தெரியப் போகுது!"

சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் தாழ்ந்து கான்சாஸ் காற்று கொஞ்சம் அடங்கும் நேரத்துக்கு, சர்ச்சிலிருந்து பாதி ஊர் மைதானத்துக்கு வந்தது. கறுப்பு உடையோடே புல்லில் நின்றார்கள். கால்நடை மருத்துவமனைக்காரர்கள் ஒரு நாயோடு வந்திருந்தார்கள். கிளப் விமானங்கள் வரிசை கட்டிப் பறந்து, ஒன்று மட்டும் வரிசையை விட்டு விலகி மேலே போயிற்று. இறந்துபோனவர்களுக்காகச் செய்வது அது. வழக்கமாக அந்த விலகும் விமானம் வெண்டலுடையது. இன்று அவர் கையைக் கட்டிக்கொண்டு கீழே நின்றார்.

அடுத்தது லவோனின் ஹெலிகாப்டர். கோல்பி அதை ஓட்டுவதாக வியாழக்கிழமையே பேச்சு. அப்போது வெண்டல் எதற்கெல்லாமோ தலையாட்டினார், அதற்கும் ஆட்டியிருந்தார். கோல்பி பல் கட்டுகிறவர், நாற்பது வயது. ஹெலிகாப்டரில் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. லவோன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரு தடவைகூடச் சிரிக்காமல் பதில் சொன்ன ஒரே ஆளும் அவர்தான். புல்லில் மண்டியிட்டு ஹெலிகாப்டரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கையில் கட்டிங் பிளேயர் இருந்தது.

"இந்தக் குச்சியக் கழட்டிட்டு, ரெக்கை சுத்துற வேகத்தையும் ஏத்திக்கறேன், வெண்டல். பந்தோட மேல போக முடியாது. ரெண்டு பல்டி, தலைகீழா ஒரு சுத்து, அப்புறம் அழகா எறக்கிடறேன். அவங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கும்." அவர் கண் சிவந்திருந்தது.

பிளேயரின் வாய் முதல் கட்டைக் கவ்வியது.

"வெட்டாத," என்றார் வெண்டல்.

கோல்பி நிமிர்ந்து பார்த்தார்.

"அவ கட்டினது அது. கழட்டற அன்னிக்கு நானே கழட்டுவேன்னு சொல்லிட்டே இருந்தா. கழட்டல. நீ பல்டி அடிச்சா அது உன் ஹெலிகாப்டர். அவளோடது முழங்காலுக்கு மேல போனதில்ல."

"சரி, அப்ப பந்தோடயே நான் லேசாத் தூக்கி..."

"நான் தூக்கறேன்."

டுவேன்தான் கேட்டார். "எத?"

"இத."

"வெண்டல், உனக்கு இது தெரியாது."

"தெரியாதுன்னு தெரியும்," என்றார் வெண்டல்.

கோரின் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். "எல்லாரும் பாத்துட்டிருக்காங்கப்பா. இன்னிக்கு வேண்டாமே." அவள் சொன்னது அவருக்குப் புரியாமலில்லை. அதுதான் அவருக்கும் பயம். ஆனால் அந்தப் பேட்டரியில் இருந்தது லவோன் ஏற்றிய கரண்ட். அது அவள் பறந்த உயரத்தில், அவள் கட்டிய கட்டோடு செலவாக வேண்டும். அதற்கு இந்த மைதானத்தில் ஒரு ஆரம்பக்காரர்தான் வேண்டும், கெட்டிக்காரர் வேண்டாம். அந்தத் தகுதி தனக்கு மட்டும்தான் இருந்தது என்று வெண்டல் நினைத்தார்.

கோல்பி பேட்டரியை மாட்டிக்கொடுத்து, ரிமோட்டில் ஒரு ஸ்விட்சைத் தொட்டுக் காட்டினார். "பயமா இருந்தா இதத் தட்டுங்க. உடனே சுத்தறது நின்னுடும்."

ஓட்டுகிறவர்கள் நிற்கும் கோட்டில் நடுவில் தலைவரின் இடம். வெண்டல் அதைத் தாண்டி நடந்து, கடைசி ஓரத்தில் புல் தேய்ந்திருந்த இடத்துக்குப் போனார். லவோனின் செருப்பு தேய்த்த புல் அது. ஹெலிகாப்டரின் வால் தன் பக்கமாக இருக்கும்படி வைத்துவிட்டுப் பின்னால் வந்து, விதிப்படி, "கெளம்புது!" என்று கத்தினார்.

ரெக்கை சுழன்று வேகம் பிடித்தது. இடது கட்டைவிரலை ஏற்றினார். பந்துகள் புல்லில் நடுங்கி, வழுக்கி, சட்டென்று விடுபட்டன. மூக்கு கீழே தாழ்ந்தது. அவ்வளவுதான், முப்பது வருஷத்து விமானக் கை முந்திக்கொண்டது. விமானத்தில் மூக்கு தாழ்ந்தால் ரிமோட்டின் வலது குச்சியைப் பின்னால் இழுப்பார்கள், விமானம் மேலே ஏறும். இழுத்தார். ஹெலிகாப்டர் ஏறவில்லை, பின்பக்கமாக அவரை நோக்கி வந்தது. ஏறட்டும் என்று இன்னும் இழுத்தார். இன்னும் வேகமாக வந்தது. வால் தரையில் இடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ரெக்கை மண்ணைக் கொத்தியது. துண்டு ஒன்று விர்ரென்று போய்ப் புல்லில் விழுந்தது. அதற்கப்புறம்தான் ஸ்விட்ச் நினைவுக்கு வந்தது.

சத்தம் அடங்கிய பிறகு நாய் மட்டும் ஒரு தடவை குரைத்தது.

காது மடல் இரண்டும் எரிவது வெண்டலுக்குத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் பாதி ஊர். பாதிரியார்கூட இருந்தார். மனைவியைப் புதைத்த அன்றைக்கு அவள் ஹெலிகாப்டரையும் உடைத்தவன் என்று ஊர் பேசும். அந்த அவமானம் கழுத்து வரைக்கும் ஏறி நின்றபோது ஒன்று அவருக்கு விளங்கியது. இரண்டு கோடையும் இதே இடத்தில் நின்று, இதைத்தான் அவள் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். காரில் விசிலடித்துக்கொண்டு போயிருக்கிறாள். போய்ச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் திரும்பி வந்திருக்கிறாள். அவர் பார்த்த துணிச்சலான ஆள்களை எல்லாம் மனசுக்குள் நிறுத்திப் பார்த்தார். ஒருவர்கூட அவளுக்கு ஈடாகவில்லை.

டுவேன் குனிந்து உடைந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது.

"டுவேன்! இன்னிக்குமா?" என்று அவர் மனைவி பல்லைக் கடித்தாள்.

"சட்டம்னா சட்டம்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. வெளியே வந்த டுவேன் வெண்டலைப் பார்த்தார். "உன் வரிசைலதான் அடிச்சிருக்கேன். காத்து வாங்குதுன்னு அவளுக்கு ரொம்பக் கவல."

புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக வெண்டல் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகப்போனது. குனிந்து ஷூவைப் பார்த்துச் சமாளித்துக்கொண்டார்.

கோல்பி அதற்குள் சிவப்புப் பெட்டியைத் திறந்திருந்தார். உள்ளே ஜோடி ஜோடியாகப் புது ரெக்கைகள், தேவைக்கு மேலேயே. உடைக்கப் போகிறோம் என்று தெரிந்தவளின் பெட்டி. இரண்டு திருகைக் கழற்றி இரண்டு ரெக்கையையும் மாற்றி, தண்டைச் சுழற்றிப் பார்த்தார். "வளையல. பந்து காப்பாத்திடுச்சு."

"போதும்பா," என்றாள் கோரின். "நீங்க பண்ணிட்டீங்க."

"இன்னும் பண்ணல."

திரும்பவும் கத்தினார். "கெளம்புது!"

இந்தத் தடவை வலது கட்டைவிரலை, பூனைக்குட்டியின் தலையில் வைப்பதுபோல, பட்டும் படாமலும் வைத்துக்கொண்டார். பந்துகள் வழுக்கின. ஒரு விரற்கடை எழுந்து, உட்கார்ந்து, எழுந்தது. வால் இடப்பக்கம் போயிற்று. அவர் கண் வாலோடு போயிற்று. கை திணறியது. திரும்பவும் பின்னால் இழுக்கச் சொல்லி விரல் துடித்தது.

"மூக்கைப் பாரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. டுவேனின் குரல். அதில் கிண்டல் இல்லை.

வெண்டல் பார்வையை இழுத்து அதன் மூக்கின் மேல் வைத்தார்.

"மூக்கைப் பாரு," என்றார் கோல்பி. இன்னொருவர் சொன்னார். இரண்டு கோடையாக அந்த ஓரத்திலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு, கிளப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். "மூக்கைப் பாரு. மூக்கைப் பாரு." மருத்துவமனைக்காரர்களுக்கு அந்தக் குரலின் தாளம் தெரியும், அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் டுவேன், ஊர் முழுக்கக் கேட்க, எண்பது வயதை நெருங்கும் அந்தத் தொண்டையால், "மெதுவா, தங்கம், மெதுவா," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அது எழுந்தது. கணுக்கால். கெண்டைக்கால். புல் நுனிகள் காற்றில் மடிந்து படுத்தன. முழங்கால் உயரத்தில், தள்ளாடி, ஒரு பக்கம் போய், திரும்பி வந்து, நின்றது. நேராக நிற்கவில்லை, ஆனால் நின்றது. நான்கு பந்துகளும் காற்றில் தொங்கின. வெண்டலின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உலகத்தில் அந்த மஞ்சள் மூக்கைத் தவிர வேறொன்றுமில்லை. இவ்வளவு சின்ன உயரத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று அவளிடம் ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கையிலிருந்த ரிமோட் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீரப்போகிறது, இறக்கு என்று சொல்ல லவோன் வைத்திருந்த டைமர். சார்ஜரும் இதே சத்தத்தில்தான் கத்தும்.

"கேட்டுது, கேட்டுது," என்றார் வெண்டல், மெல்ல. பிறகு உரக்க, "எறங்குது!"

பந்துகள் ஒவ்வொன்றாகப் புல்லைத் தொட்டன. ரெக்கை சுழன்று சுழன்று நின்றது. கைதட்டினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துபோய்ப் புல்லில் மண்டியிட்டு, அவள் கட்டிய கட்டுகள் நான்கும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தார். பேட்டரியின் கம்பியைப் பிடுங்கி அதை வெளியே எடுத்தார்.

டுவேன் வந்து அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தார். "பெட்டில இன்னும் ரெண்டு இருக்கே. கோல்பிகிட்டக் குடுத்துடட்டுமா?"

"வேண்டாம். நாளைக்குக் காலைல, சர்ச்சுக்கு முன்னாடி. அப்பக் காத்து இருக்காது."

"அப்ப நானும் வரேன். சுத்தியலோட."

கார் வரைக்கும் கோரின் கூடவே நடந்தாள். ஹெலிகாப்டரைப் பின்சீட்டில் வைத்து, அது ஆடாமலிருக்கத் தன் கறுப்புச் சால்வையை முட்டுக் கொடுத்தாள். பிறகு கையை நீட்டினாள். "அந்தப் பேட்டரியக் குடுங்கப்பா. பெட்டில வெச்சுடறேன்."

"இப்ப வைக்கக் கூடாது. சூடா இருக்கு."

அவள் வண்டியைக் கிளப்பினாள். மைதானத்துச் சரளைப் பாதை தாண்டி, அறுத்த கோதுமை வயல்களைத் தாண்டி, ஊர் விளக்குகள் தெரியும் வரைக்கும் வெண்டல் இரண்டு உள்ளங்கைகளையும் மூடி, அந்தச் சூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.